நிலத்திற்கும் ஓய்வு உண்டு

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ளும். உழப்படும் நிலத்திற்கும் ஓய்வு வேண்டும் என்று சட்டம் வகுத்தது விவிலியத்தின் பழைய ஏற்பாடு. யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரமும் லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரமும் அச்சட்டத்தைக் கூறுகின்றன. ஆறு ஆண்டுகள் விதைத்து அறுக்கலாம். ஏழாம் ஆண்டில் விதைத்தலும் ஆகாது, திராட்சைக் கொடியைக் கிளை கழித்தலும் ஆகாது. அவ்வாண்டில் தானாக விளைந்ததில் ஏழைக்கும், பணியாளுக்கும், அயலிலிருந்து வந்து தங்கியவனுக்கும், கால்நடைக்கும், காட்டு விலங்குக்கும் பங்குண்டு. தரங்கம்பாடியில் வாழ்ந்த சீகன்பால்கு, 1719ஆம் ஆண்டில் மறையுமுன் ஆதியாகமம் முதல் ரூத் வரையிலான நூல்களைத் தமிழாக்கினார். ஆகவே இச்சட்டம் தமிழுக்கு வந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன.

இது மண்வளம் காக்கும் உழவு நுட்பம் மட்டுமோ? அன்று. நிலம் இறைவனுடையது, மாந்தர் அதில் வந்து தங்கிச் செல்வோரே என்பது லேவியராகமத்தின் அடிப்படைக் கருத்து. ஆதலால்தான் ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலி ஆண்டில், விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்திற்கே மீளவேண்டும் என்றும் அது விதித்தது. நிலத்திற்குரிய ஓய்வை மறுத்தால் அது கடனாக நிற்கும். யூதர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற எழுபது ஆண்டுகளில், பாழ்கிடந்த நிலம் தன் ஓய்வைத் தானே பெற்றுக்கொண்டது என்று நாளாகமத்தின் இரண்டாம் நூல் கூறுகிறது. இக்கருத்தே நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது.

நம் முன்னோரும் மண்ணை ஆறவிடுதலை அறிந்தவரே. உழுத புழுதியை நான்கில் ஒரு பங்காகக் காயவிடுவதன் பயனைத் திருக்குறளின் உழவு அதிகாரம் பேசுகிறது. அறுவடைக்குப் பின் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும், நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் தெளிப்பதும் காவிரிக் கழனிகளின் வழக்கம்.

நாம் குடியேறி வாழும் தில்லியும் நிலத்தின் ஓய்வைக் கணக்கிட்டதுண்டு. 1580ஆம் ஆண்டில் அக்பர் தம் பேரரசைப் பன்னிரண்டு சுபாக்களாக வகுத்தபோது தில்லி அவற்றுள் ஒன்றாயிற்று. அவர் ஆட்சியைப் பற்றி அபுல் பசல் எழுதிய ஆயினி அக்பரி, நிலத்தை நால்வகையாகப் பிரிக்கிறது. ஆண்டுதோறும் பயிராவது போலஜ். வலிமை மீளும்பொருட்டுச் சிறிது காலம் விடப்படுவது பரவுதி. மூன்று, நான்கு ஆண்டுகள் தரிசாகக் கிடப்பது சச்சர். ஐந்தாண்டும் அதற்கு மேலும் கிடப்பது பஞ்சர். சச்சர் நிலம் மீண்டும் உழப்படுமாயின், தீர்வை படிப்படியாக உயர்ந்து ஐந்தாம் ஆண்டிலேயே முழு அளவை எட்டும். இது வேதச் சட்டமன்று, வருவாய்க் கணக்கே. எனினும் ஓய்வை நிலத்தின் இயல்பாக ஏற்ற கணக்கு இது.

இக்கணக்கு நம் காலத்தில் மறைந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சியில் நாடு அயல்நாட்டுக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நின்றது. அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் சி. சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது. தில்லி பூசாவில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற்கு அவ்வாண்டில் இயக்குநரானவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். பசி நீங்கியது, இரு தமிழரின் பங்கு அதில் பெரிது. ஆயினும் மண்வளத்தைப் பேணாது தீவிரமாகப் பயிரிட்டால் நிலம் பாலையாகும் என்று 1968இல் வாரணாசி அறிவியல் மாநாட்டில் எச்சரித்தவரும் சுவாமிநாதனே.

பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லும் கோதுமையும் மாறி மாறி வர, நிலம் ஓயவில்லை; நிலத்தடி நீர் கீழே இறங்கியது. நீரைக் காக்கும்பொருட்டு 2009இல் இயற்றப்பட்ட சட்டங்கள் நெல் நடவைத் தள்ளிவைத்தன. அதனால் நெல்லறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே எஞ்சின. தாளை அகற்ற நேரமின்றி உழவர் தீ வைக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் தில்லியின் வானை மூடும் புகையில் அதற்கும் பங்குண்டு. நெல்லுக்கும் கோதுமைக்கும் உறுதியான கொள்முதல் விலை கிடைக்கையில் உழவரை மட்டும் பழித்தல் முறையன்று. அவர் விளைத்ததை உண்பவர் நாமே.

ஏழாண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் உழவை நிறுத்துதல் இன்று இயலாது. ஆனால் இரு பயிர்களுக்கிடையே பயறுக்கு இடந்தருதல் இயலும். அதற்கேற்ற விலை கொடுத்தலும் இயலும். பழைய சட்டம் வந்து தங்கியவனுக்கும் விளைச்சலில் பங்களித்தது. யமுனைக் கரையில் வந்து தங்கிய நாமும் அப்பங்கை உண்கிறோம். எனவே நிலத்தின் ஓய்வுக் கடனிலும் நமக்குப் பங்குண்டு.