மடியில் கனம்

மகளுக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. எடை எட்டு கிலோ. ஒற்றைப்படை மாதத்தில் முடியிறக்கிக் காது குத்திவிட வேண்டும் என்று அம்மா குலதெய்வம் கோயிலில் நாள் குறித்துவிட்டாள். டென்வரிலிருந்து சென்னைக்கு மூன்று விமானங்கள்: டென்வர்–சிகாகோ, சிகாகோ–பிராங்பர்ட், பிராங்பர்ட்–சென்னை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டியதில்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம். நாங்களும் எல்லோரையும்போல அப்படித்தான் டிக்கெட் எடுத்தோம்.

முதல் விமானத்தில் மனைவி தன் பெல்ட்டைத் தளர்த்திக் குழந்தையையும் சேர்த்து மாட்டிக்கொண்டாள். பணிப்பெண் வந்து கழற்றச் சொன்னார். பெல்ட் அம்மாவுக்கு மட்டும்தான், குழந்தையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் விதி என்றார். இரண்டாவது விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையது. அங்கே அமர்ந்ததுமே ஒரு குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மாவின் பெல்ட்டில் அதைக் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்ட வேண்டும். மாட்டாமல் விமானம் கிளம்பாது என்றார்கள்.

ஒரே நாள், ஒரே குழந்தை, ஒரே மடி. ஓர் இடத்தில் கட்டக் கூடாது, இன்னோர் இடத்தில் கட்டியே ஆகவேண்டும். என் தொழிலில், ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு நிரல்கள் வேறு வேறு விடை கொடுத்தால் இரண்டில் ஒன்றில் பிழை இருக்கிறது என்று பொருள். பிழை எதில் என்று தேடத் தொடங்கினேன். மகள் தூங்காத இரவுகள் ஏராளமாக இருந்ததால் படிக்கவும் நேரம் கிடைத்தது.

*

விமானத்தில் குழந்தைகள் ஏறத் தொடங்கிய காலத்தில் பாதுகாப்பு என்பதன் அர்த்தமே வேறு. 1930இல் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எலன் சர்ச் என்ற செவிலியரையும் அவருடன் இன்னும் ஏழு பேரையும் பணிப்பெண்களாகச் சேர்த்தது. உலகின் முதல் விமானப் பணிப்பெண்கள் இவர்கள். எல்லோரும் செவிலியர்கள். பயணிகள் வாந்தி எடுப்பார்கள், மயங்குவார்கள், அவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும். கேபினுக்குள் காற்றழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் முதல் பயணிகள் விமானமான போயிங் ஸ்ட்ராட்டோலைனர் 1940இல்தான் சேவைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வானிலையின் தொல்லையிலிருந்து மேலே எழும்பிப் பறப்பது சாதாரணப் பயணிக்குச் சாத்தியமானது.

போருக்குப் பின் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் குழந்தைகளுக்குத் தொட்டில் வைத்தது. பெற்றோரின் தலைக்கு மேலே, இன்று நாம் பெட்டி வைக்கும் உயரத்தில், ஒரு தொட்டிலில் குழந்தை உட்கார்ந்து சிரிக்கும் புகைப்படங்கள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்தால் பகீரென்கிறது. இன்றைய தொட்டில்கள் முன்சுவரில் மாட்டுபவை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குலுங்கும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்து எங்கே வைப்பது? மடியில்தான். ஆக, எது ஆபத்தான நேரமோ அந்த நேரத்துக்குக் குழந்தைக்கென்று ஒதுக்கிய இடம் மடி.

1952இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் குறைந்த கட்டண வகுப்பு வந்தபின் நடுத்தரக் குடும்பங்கள் பறக்கத் தொடங்கின. டிக்கெட் விலை குடும்பங்களுக்குப் பெரிய விஷயமானது. சர்வதேசப் பயணங்களில் மடிக்குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது இன்றுவரை பரவலான வழக்கம். மடி என்பது பாதுகாப்பு ஆய்வில் பிறந்த ஏற்பாடு அல்ல, அது ஒரு கட்டணப் பிரிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் விலை என்னவென்று 1989 வரை யாரும் உரக்கக் கேட்கவில்லை.

*

1989 ஜூலை 19. யுனைடெட் 232, டிசி-10 வகை விமானம், டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்துகொண்டிருந்தது. எங்கள் முதல் விமானம் போன அதே தடம். 296 பேர் இருந்தார்கள். அன்று குழந்தைகளுக்கான சலுகை நாள். பெரியவர் டிக்கெட்டுடன் குழந்தைக்கு ஒரு சென்ட் கொடுத்தால் போதும். அதனால் 52 குழந்தைகள். அவர்களில் நான்கு பேருக்கு இருக்கை இல்லை, பெற்றோர் மடியில் இருந்தார்கள்.

மதியம் மூன்றேகால் மணிக்கு வாலில் இருந்த எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. சிதறல்கள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் வெட்டிவிட்டன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்றுதான் மூன்று வைத்திருந்தார்கள். ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில் ஒரே இடத்தில் அருகருகே ஓடின. மூன்றும் ஒன்றாகப் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸும் அவரது குழுவும், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்சும், மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தை மாற்றி மாற்றிக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பினார்கள். 44 நிமிடங்கள் அப்படி ஓட்டி, ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையம்வரை கொண்டுவந்தார்கள். விமானிகளின் இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் தேடியது கேபினுக்குள் நடந்ததை.

தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் விபத்துக்குப் பயணிகளைத் தயார்செய்தார். மடிக்குழந்தைகளுக்கு அன்றிருந்த நடைமுறை இதுதான்: குழந்தையைத் தரையில், பெற்றோரின் கால்களுக்கு இடையே வைத்து, தலையணை, போர்வைகளால் அண்டை கொடுத்து, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கற்றுக்கொண்ட அதே வார்த்தைகளில் அறிவித்தார். அறிவிக்கும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று தனக்குப் பட்டதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விமானம் ஓடுபாதையில் மோதி உடைந்து, நடுப்பகுதி தலைகீழாகச் சோளக்கொல்லையில் போய் விழுந்தது. மோதிய நொடியில் குழந்தைகள் கையை விட்டுப் பறந்தார்கள். வெளியே தப்பியிருந்த ஒரு பயணி அழுகுரல் கேட்டுத் திரும்ப உள்ளே போய், பதினொரு மாதப் பெண் குழந்தை ஒன்றைப் புகைக்குள்ளிருந்து எடுத்து வந்தார். இரண்டு வயது நிரம்பாத பையன் ஒருவன் கிடைக்கவில்லை. புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனான். அவனைத் தேடி எரியும் விமானத்துக்குள் மறுபடி நுழையப் பார்த்த தாயை வழிமறித்து நிறுத்தியவர் ஜான் பிரவுன். நீங்கள்தானே தரையில் வைக்கச் சொன்னீர்கள் என்று அந்தத் தாய் அவரிடம் கேட்டார். மொத்தம் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். அந்த வேகத்துக்கு அது அதிசயம் என்றே நிபுணர்கள் சொல்கிறார்கள். பிரவுனுக்கு அந்த ஒரு கேள்விதான் மிஞ்சியது. அதன்பின் பல பத்தாண்டுகள், நாடாளுமன்றக் குழு முன்பாகவும் செய்தியாளர்கள் முன்பாகவும், எல்லாக் குழந்தைக்கும் இருக்கை வேண்டும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அவருடைய வாதத்தைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 1988இல் வந்த அமெரிக்க விதிப்படி, புதிதாக வடிவமைக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருக்கைகள் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். அந்த விசையில் என் எட்டுக் கிலோ மகளின் எடை 128 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் ஐந்து. எந்த அம்மாவின் கையும் பிடிக்காது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

*

அப்படியானால் ஐரோப்பியர்களின் குட்டி பெல்ட்தான் சரியா? அங்கேதான் சிக்கல். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1990களில் பொம்மைகளை வைத்து அதைச் சோதித்தது. மோதும்போது பெரியவரின் உடல் முன்னால் மடிகிறது. மடியில் கட்டிய குழந்தை, பெரியவருக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே மெத்தையாகிறது. பெல்ட்டின் முழு விசையும் குழந்தையின் வயிற்றில் இறங்குகிறது. அதனால் 1996இல் தடை செய்தார்கள். குழந்தை கூரையில் போய் மோதாது, எகிறிப் போய் இன்னொருவர்மேல் விழாது என்பது அந்த பெல்ட்டை ஆதரிப்பவர்களின் பதில். காற்றுக் குலுக்கலுக்கு அவர்கள் சொல்வது சரி, விபத்துக்கு இவர்கள் சொல்வது சரி. இரண்டு நிரல்களிலும் பிழை இல்லை. உள்ளீட்டில்தான் கோளாறு. மடி என்ற உள்ளீட்டுக்குச் சரியான விடையே கிடையாது.

சரியான விடை, தனி இருக்கை, அதில் கட்டிய குழந்தை நாற்காலி. இது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990இலேயே அதைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. 1994 ஜூலையில் சார்லட் நகரில் விழுந்த விமானத்தில், தாயின் கையிலிருந்து நழுவி ஒன்பது மாதக் குழந்தை இறந்தது. மீண்டும் பரிந்துரை. 1997இல் வெள்ளை மாளிகை அமைத்த குழு அதையே சொன்னது. 2001இல் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் சொன்னது. ஆனாலும் எஃப்.ஏ.ஏ. கடைசிவரை மறுத்து, 2005 ஆகஸ்டில் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

முதலில் படித்தபோது விமான நிறுவனங்களின் லாபி என்று நினைத்தேன். காரணம் அதைவிட நேர்மையானது, அதனாலேயே அதை எதிர்த்துப் பேசுவதும் கடினம். இருக்கையைக் கட்டாயமாக்கினால் டிக்கெட் செலவு கூடும். சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போவார்கள். சாலை, விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. 2003இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இதைக் கணக்கிட்டது. இருக்கை விதி அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 0.4 குழந்தைகளைக் காப்பாற்றும். ஆனால் ஐந்து முதல் பத்து சதவீதக் குடும்பங்கள் காருக்கு மாறினாலே அந்த லாபம் முழுக்கக் கரைந்துவிடும். காப்பாற்றப் போட்ட விதி கொல்லத் தொடங்கும்.

பாதுகாப்பு வாரியம் இதை ஏற்கவில்லை, அத்தனை பேர் காருக்கு மாறுவார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்றது. விமானம் இறங்கும்போது காபிக் குடுவையைக்கூடக் கட்டி வைக்கிறீர்கள், குழந்தையை மட்டும் ஏன் கட்டாமல் விடுகிறீர்கள் என்று பிரவுன் தரப்பு கேட்டது. 2024 ஜனவரியில் போர்ட்லண்டுக்கு மேலே, பதினாறாயிரம் அடி உயரத்தில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவுப் பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு போனதே, அதில் மூன்று மடிக்குழந்தைகள் இருந்தார்கள். ஓட்டைக்கு அருகிலிருந்த இரண்டு இருக்கைகளும் அன்று காலியாக இருந்தன. மூன்று குழந்தைகளும் பிழைத்தார்கள். விதி அப்படியே இருக்கிறது.

அந்த 0.4ஐ நான் பலநாள் வெறித்துப் பார்த்திருக்கிறேன். சராசரியில் ஒரு குழந்தைகூட இல்லை. ஆனால் சூ சிட்டியில் இறந்தவன் முழுக் குழந்தை. இந்தக் கணக்கில் எனக்குத் தட்டுப்பட்ட ஓட்டை வேறு. டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் காரில் போக முடியும். சிகாகோவிலிருந்து சென்னைக்கு? கடலில் யாரும் கார் ஓட்டுவதில்லை. இருக்கைக்குப் பணம் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் சாலைக்கு மாறுவதில்லை, பயணத்தையே தள்ளிப்போடுகிறோம். பேத்தியைப் பார்க்காமல் பாட்டிக்கு இன்னொரு வருடம் போகும். அந்த இழப்பை எந்த ஆய்வும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது.

*

இதையெல்லாம் படிப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முதல் பயணத்தில் மூன்றாவது விமானமும் பத்திரமாக இறங்கியது. விமான நிலையத்துக்கு அம்மா வந்திருந்தாள். டாக்சியில் பின்சீட்டில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டாள். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் தாண்டும்போது ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வெட்டியது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். அம்மாவின் தலை முன்சீட்டில் இடித்தது. குழந்தையை விடவில்லை. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம், அதனால்தான் விடவில்லை என்பது எனக்கு இப்போது தெரியும்.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும், மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் சட்டமே வந்துவிட்டது. எஃப்.ஏ.ஏ. அஞ்சிய சாலைப் பயணம் எங்களுக்கு மீனம்பாக்கத்திலிருந்து தாம்பரம்வரை காத்திருந்தது. கார் சீட்டை டென்வரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். "அங்க எதுக்கு அது, தூக்கவே ஆள் இருக்காங்க" என்று சொன்னது நான்தான்.

அடுத்த முறை மகளுக்கு இருபது மாதம். இன்னும் நான்கு மாதம் மடியில் வைத்துக்கொள்ள விதி அனுமதித்தது. மனைவியிடம் 0.4 கணக்கைச் சொன்னேன், முக்கால்வாசிப் பெரியவர் கட்டணம் என்றும் சொன்னேன். "கணக்கு சரிதான். இருந்தாலும் சீட் எடு" என்றாள். எடுத்தோம். பெரும்பாலும் ஜன்னலோர இருக்கையில்தான் குழந்தை நாற்காலியைக் கட்ட விடுவார்கள், மற்றவர் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் இருந்தாள். நடுவில் பெரும்பாலும் என் மடியில்தான்.

சென்னையில் டாக்சியின் பின்சீட்டில் அதைக் கட்டப் போனால் பக்கிளைக் காணோம்.

"சார், பின்னாடி யாரும் பெல்ட் கேட்டதே இல்ல. கவர் தைக்கும்போது உள்ள போயிருக்கும்" என்றார் டிரைவர்.

கையை விட்டுத் துழாவினேன். துணிக்கு அடியில் கட்டியாகத் தட்டுப்பட்டது. டிரைவர் ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு டேஷ்போர்டிலிருந்து பிளேடை எடுத்துப் புது சீட் கவரைக் கீறிப் பக்கிளை வெளியே இழுத்துக் கொடுத்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. கட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். "அப்போ என் மடி எதுக்குடா?" என்றாள். அந்த 128 கிலோ கணக்கைச் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"வீட்டுக்குப் போனதும் நாள் பூரா வெச்சுக்கோம்மா" என்றேன்.

பதில் சொல்லவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். தாம்பரம் வரும்வரை பேத்தியின் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.