சட்டம் சேர்த்துவிட்ட வலிப்பு

வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டி, இந்த நோயின் மீதான ஒதுக்கல் முழுவதையும் பழைய மூடநம்பிக்கையின் தலையில் கட்டிவிடுகிறோம். நம் திருமணச் சட்டங்களைப் புரட்டினால் அது பாதி உண்மைதான் என்று தெரியும். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மணத்தகுதி பற்றிச் சொல்லும் இடத்தில் வலிப்பு என்ற பேச்சே இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல் வந்த திருத்தம்தான் அடிக்கடி வலிப்பு வருபவரைத் தகுதியற்றவர் ஆக்கியது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதே வரி ஏறியது. இங்கிலாந்தின் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது. அவர்கள் அதை 1971-லேயே கைவிட்டுவிட்டார்கள். அவர்கள் கழித்ததை ஐந்தாண்டு கழித்து நாம் சேர்த்துக்கொண்டோம்! அறியாமை என்றும் சமாதானம் சொல்ல முடியாது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை (இ.இ.ஜி.) ஹான்ஸ் பெர்கர் 1929-லேயே வெளியிட்டிருந்தார். வலிப்பைக் கட்டுப்படுத்த பீனோபார்பிட்டால் 1912-லும் பெனிட்டாயின் 1938-லும் வந்துவிட்டன.

நோயை மறைத்துக் கட்டிவைத்தால் ஏமாந்தவருக்கு ஒரு வழி வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முக்கியமான எந்த உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினாலும் திருமணத்தை ரத்து செய்யலாம் என்று அதே 1976 திருத்தம் தனியாக ஒரு வழி வைத்திருந்தது. உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற கெடுவும் அதற்கு உண்டு. வலிப்பைக் காரணம் காட்டிய வழக்குக்கு அந்தக் கெடு இருக்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்திலோ, இருவரும் எல்லாம் தெரிந்தே மணக்க முன்வந்தாலும், மூன்றாம் மனிதர் ஒருவர் ஆட்சேபம் எழுப்ப அந்த வரி இடம் கொடுத்தது. ஆக, அது தண்டித்தது மறைத்தவரை அல்ல, நோயாளியை.

சொன்னால் கல்யாணம் நிற்கும் என்றால் யார் சொல்வார்கள்? வலிப்பைக் கண்டறிய மருத்துவர் முதலில் நம்புவது கூட இருந்து பார்த்தவரின் வாக்குமூலத்தைத்தான்; இ.இ.ஜி. பதிவு இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. மறைக்கும் வீட்டில் அந்தச் சாட்சி வாய் திறப்பதில்லை. புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரையைத் தவறவிட்டால், அதுவே அடுத்த வலிப்பைக் கிளப்பிவிடும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடிய நோய் இது.

1999 டிசம்பரில் நாடாளுமன்றம் இரு சட்டங்களிலிருந்தும் வலிப்பை மட்டும் நீக்கியது. அதே வரியில் பக்கத்தில் நின்ற, அடிக்கடி வரும் மனப்பிறழ்வு அங்கேயே இருக்கிறது.