தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே

விடியுமுன்னே பஸ் வந்துவிடும். சாத்தூர், சிவகாசி சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஏஜெண்ட் வீடு வீடாகக் குரல் கொடுத்துப் பிள்ளைகளை எழுப்புவார். தூக்கம் தெளியாமலே ஏறிய பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசில் இறங்கி, கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் உட்காருவார்கள். தொழிற்சாலை என்று அந்தப் பக்கம் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இதுதான் அவர்களுடைய நாள். பள்ளிக்கூடத்து மணி அடித்த நேரத்தில் அவர்கள் ஊரிலேயே இல்லை.

மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த காமராசர் பிறந்த மண் இது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த மாவட்டத்துப் பிள்ளைகளை வைத்துத்தான் சலம் பென்னூர்கர் 1990இல், சிவகாசியின் பட்டப்பெயரிலேயே, ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதக் கை கூசுகிறது.

பிள்ளையை ஆபீசிலிருந்து மீட்டால் மட்டும் போதாது, எந்த வகுப்பில் உட்காரவைப்பது? பதினொரு வயதுப் பெண்ணுக்குக் குரோஸ் கணக்கு, அதாவது பன்னிரண்டு டஜன், விரல் நுனியில் இருக்கும். தன் பெயரை எழுத வராது. ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் வெட்கத்தில் மறுபடி பஸ் ஏறிவிடுவாள். ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்தால் பாடம் புரியாது. அவளுக்கென்று பாடத்திட்டமே கிடையாது. சிறப்புப் பள்ளி பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1987இல் தேசியக் கொள்கை, 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். பிரோசாபாத் கண்ணாடி, அலிகார் பூட்டு, மொராதாபாத் பித்தளை ஆகியவற்றோடு சிவகாசித் தீப்பெட்டியும் முதல் பட்டியலிலேயே இருந்தது. தொடக்கப் பள்ளிப் படிப்பை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் சுருக்கிக் கொடுத்து, பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தத் திட்டத்துச் சிறப்புப் பள்ளியின் வேலையாக இருந்தது. மதியச் சாப்பாடும் இருந்தது, கைத்தொழிலும் இருந்தது.

கடல் தாண்டிய குரல் அதன்பிறகு வந்தது. 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின், குழந்தைகள் செய்த பொருள்களை இறக்குமதி செய்யத் தடை கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். பலமுறை கொண்டுவந்தும் அது சட்டமாகவில்லை. சட்டமாகியிருந்தாலும் உள்நாட்டுச் சந்தைக்கே பெரும்பாலும் போன சிவகாசிச் சரக்கை அது எவ்வளவு தொட்டிருக்கும்? நம் அரசுக்கோ வாணிபத்தையும் தொழிலாளர் நிலையையும் முடிச்சுப் போடுவதே பிடிக்கவில்லை. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் அந்த முடிச்சை இந்தியா எதிர்த்து நின்றது. அதே வாரம், டிசம்பர் 10 அன்று, சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தப் பிள்ளையின் நலனுக்கும் படிப்புக்கும் ஆக வேண்டும். வெளியார் சொன்னதை மறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நம் நீதிமன்றமே நமக்கு அதைவிடக் கண்டிப்பாகச் சொன்னது. எனக்கு அந்த வாரம் முக்கியமானது.

மிரட்டலால் நடக்காதது பிறகு கூட்டு முயற்சியாக நடந்தது. 2000 ஆகஸ்டில் இந்திய, அமெரிக்கத் தொழிலாளர் துறைகள் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான இண்டஸ் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. ஆளுக்கு 2 கோடி டாலர்; நடத்தியது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. தமிழ்நாட்டில் சேர்ந்த ஐந்து மாவட்டங்களில் விருதுநகரும் ஒன்று. 5 முதல் 8 வயதுவரை நேரே அரசுப் பள்ளி, 9 முதல் 13 வரை இணைப்புக் கல்வி மையம், 14க்கு மேல் தொழிற்பயிற்சி. வயதை வைத்து வழி பிரித்ததுதான் இதில் எனக்குப் பிடித்த புத்தி.

குழந்தைத் தொழிலாளர் பள்ளி பொதுப் பள்ளிக்கும் ஒன்று கற்றுக்கொடுத்தது. வேலூரில் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளி ஆசிரியர்களின் அட்டை முறையை மீட்கப்பட்ட பிள்ளைகளின் பள்ளிகளில் நடத்திப் பார்த்தார். அவரவர் வேகத்தில் படிக்கும் அந்த முறை 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்குப் போனது. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்ததற்குப் பின்னால், வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2021 ஏப்ரலில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. சிறப்புப் பள்ளி என்ற பெயர் போனது. அந்தப் பள்ளியில் பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் உதவித்தொகை எழுதியிருந்தார்கள். பிறகு அது கூடியது. பணத்தைக் கையில் கொடுக்காமல் பிள்ளையின் பேரில் கணக்கில் போட்டு வைத்தார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஏறிய பிறகுதான் அந்தப் பணம் கைக்கு வந்தது.