ருத்ராவின் தாளக்காரர்

திருநாவலூரில் பிறந்த சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் வரலாறாக விரித்தார். அதில் குழலூதிய ஆனாயர் இருக்கிறார்; யாழ் இசைத்த திருநீலகண்டர் இருக்கிறார். முழவடித்தே பேறுபெற்ற அடியார் எவரும் இல்லை. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்த நந்தனார் உண்டு. அந்தப் பேரிகையை அடித்தவர் யாரென்ற பேச்சே இல்லை. தாளக்காரர் பின்வரிசையில் மறைந்துபோவது நம் மரபில் இன்று நேற்று வந்ததன்று.

அதே வரிசையில் வரும் இன்னொருவர் உருத்திரபசுபதியார். நீரில் நின்று இடைவிடாமல் ருத்ரம் ஓதியவர். அந்த ருத்ரனின் பெயரை 1992இல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர் சிலர் தங்கள் ஹெவி மெட்டல் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். ‘ருத்ரா’வைத் தொடங்கியவர்களுள் பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கதிர் ஒருவர், டிரம்ஸ் வாசிக்கும் சிவா ஒருவர். நிகழ்ச்சிகளில் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் ‘ஸ்லாம்’ ஆட்டத்துக்கு அந்நகரம் தடைவிதித்திருந்த காலத்தை ஒட்டித்தான் இக்குழு வளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் தொகுப்பு 1998இல் குழுவின் பெயரிலேயே வந்தது. 2001இல் ‘தி ஆரியன் குரூசேட்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’. பின்னர் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் முத்தொகுப்பு. ஆங்கில வரிகளுக்கிடையே வடமொழி மந்திரங்கள் ஒலிக்கும் இந்த இசைக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். 2009இல் யூஜீன் தைரியநாதன் இவர்களையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுமளவுக்கு அப்பெயர் நிலைத்தது.

ருத்ராவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மந்திரங்களோடு நின்றுவிடுவதில் நமக்கு வருத்தமுண்டு. மந்திரத்தைச் சுமப்பது தோல். மிருதங்கக்காரருக்கு வலந்தலை, தொப்பி என இரண்டு முகங்கள். கைகள் இரண்டும் போதும். மெட்டல் டிரம்ஸ்காரருக்குக் கால்களும் கைகளாக வேண்டும். இரட்டைப் பெடலை இரு பாதங்களும் மாறிமாறி மிதிக்க, பெரிய டிரம் இடைவெளியின்றி அதிரும். நிமிடத்துக்கு 200 தட்டு, தட்டுக்கு நான்கு அடி என்று கணக்குப் போட்டால் நொடிக்குப் பதின்மூன்று அடிகளுக்கு மேல் விழும். இதற்கிடையே ‘பிளாஸ்ட் பீட்’ வரும்போது ஸ்னேர் டிரம்மும் சிம்பலும் அதே வேகத்தில் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து கேட்பவருக்கு இது வெறும் இரைச்சல். உள்ளே அமர்ந்திருப்பவருக்கோ ஒரு கால் கணப்பொழுது பிந்தினாலும் முழுக்குழுவும் சரிந்துவிடும் என்கிற கவலை. நம்மூர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஒரு மரியாதையாவது உண்டு (அந்நேரம் பார்த்துக் காப்பி குடிக்க எழுந்துபோகும் ரசிகர்களை நாம் மறக்கவில்லை). மெட்டல் மேடையில் பல இரவுகளில் அதுவும் கிடையாது. விளக்கு கிட்டார்காரர்மேல் விழும்.

ருத்ராவில் அந்தக் கிட்டார்காரர்கள் பலமுறை மாறினார்கள். கதிரும் சிவாவும் மாறவில்லை. 2013இல் ‘ருதா’, 2016இல் ‘எனிமி ஆஃப் டூயாலிட்டி’. குழு தொடங்கி முப்பதாண்டு நிறைந்த 2022இல் ‘எயிட் மகாவித்யாஸ்’ வந்தபோதும் டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் அதே சிவாதான்.