துணியின் நிறமும் வெளிச்சத்தின் அமானிதமும்

நமது திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பட்டெடுக்கச் செல்லும் பெரியவர்கள், கடைக்குள் பார்த்த சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். இவ்வழக்கத்திற்குப் பின்னால், முஸ்லிம் அறிஞர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்த உண்மையொன்று இருக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 965-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், கெய்ரோவில் வாழ்ந்து ‘கிதாபுல் மனாழிர்’ எனும் ஒளியியல் நூலை எழுதினார். அடர்ந்த சிவப்பும் பச்சையும் மங்கிய இடத்தில் கறுத்துத் தெரிகின்றன. வலுத்த ஒளியில் தம் நிறத்தை வெளிப்படுத்துகின்றன என்று அதில் அவர் விளக்கினார். ஒரே சாயத்தின் புள்ளிகள் வெண்ணிறப் பரப்பில் கருமையாகவும், கரும்பரப்பில் வெளிறியும் தோன்றுவதையும் எடுத்துக்காட்டினார். சாயம் மாறவில்லை, சூழல்தான் மாறியது. கண் ஒரு பொருளைத் தனித்து அளப்பதில்லை. அருகிலுள்ளவற்றோடு ஒப்பிட்டே அறிகிறது. பகலில் மேகத் துணுக்குப்போல் வெளிறித் தெரியும் அதே பிறைதான் இருள் சூழ்ந்தபின் ஒளிர்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்தார்கள். அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், வணிக ஒழுக்கங்களைக் கூறுமிடத்தில், துணிகளை இருண்ட இடத்தில் விரித்துக் காட்டுவதை மோசடிகளுள் ஒன்றாக எண்ணுகிறார்கள். விற்பவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை; ஆயினும் வெளிச்சம் அவருக்காகப் பொய் சொல்லிவிடுகிறது. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். குறையை மறைப்பது ஈரமானாலும் இருளானாலும் சட்டம் ஒன்றே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில், கறுப்புச் சாயம் வலுவற்றது என்று புகார் எழுந்தது. சாயப் பிரிவின் தலைவரான வேதியியலாளர் செவ்ரல் ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். 1839-இல் அதை நூலாக வெளியிட்டார். விசாரிக்காதிருந்தால், குற்றமற்ற சாயக்காரர் மீதல்லவா பழி நிலைத்திருக்கும்!

ஆகவே நீதி இருவருக்கும் உரியது. இன்றைய கடைகளில் இருளுக்குப் பதிலாகக் கண்கூசும் எல்இடி விளக்குகள் எரிகின்றன. விற்பவர், கேட்கும் முன்பே துணியைப் பகல் வெளிச்சத்தில் காட்டட்டும். வாங்குபவர், வீட்டில் நிறம் வேறாகத் தெரிந்த மாத்திரத்தில் ‘ஏமாற்றிவிட்டான்’ என்று கூறாமல், வாசலுக்குச் சென்று மீண்டும் ஒருமுறை பார்க்கட்டும். கண்ணால் கண்டதையும் தீர விசாரிப்பதே அமானிதம் பேணுவோரின் பண்பு.