கதவைத் தட்டிவிட்டு வந்த போர்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார்: "ஒரு நாட்டைப் போரில் இழுத்துவிடுவது எதிரியின் திடீர்த் தாக்குதல்தான். 1941 டிசம்பர் 7-ல் பெர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது, மறுநாளே அமெரிக்கா போரில் குதித்தது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் அந்த விமானங்கள் ரேடாரில் தெரிந்ததையும், நம்ம விமானங்கள்தான் என்று நினைத்து அதிகாரி விட்டுவிட்டதையும் அவர் சொல்லலையே! திடீர்னு வருகிற போர் குறைவுங்க. ஆள்வோரின் அலட்சியத்தால் வருவதுதான் அதிகம்.

ஹவாய் வரைக்கும் எதுக்குப் போகணும்? இன்றைக்குக் காரும் செல்போனும் செய்கிற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்திலிருந்து மேற்கே, காஞ்சிபுரம் பக்கம் போனால் புள்ளலூர். 1780-ல் அங்கே நடந்த கதையைக் கேளுங்கள்.

1769-ல் கும்பினியும் மைசூர் ஹைதர் அலியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒருவரை எவனாவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும். மராட்டியர் ஹைதரைத் தாக்கினார்கள். கும்பினி எட்டிப் பார்க்கலை. 1779-ல் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹே துறைமுகத்தையும் பிடித்தது. அதே ஆண்டு சென்னை கவர்னர் ரம்போல்டு, சுவார்ட்சு பாதிரியாரைத் தூது அனுப்பினார். ஹைதர் தன் மனக்குறைகளை எல்லாம் எழுதியே கொடுத்தார். இதைவிட ஒருவன் எப்படிங்க எச்சரிப்பான்? தபாலில் தேதி போட்டு அனுப்புவானா?

கோட்டையில் இருந்தவர்கள் அசையவில்லை. 1780 ஏப்ரலில் ரம்போல்டு கப்பலேறிப் போய்விட்டார். ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாக இறங்கியது. பரங்கிப்பேட்டை கொள்ளை போனது. காஞ்சிபுரம் கொள்ளை போனது. அப்புறம்தான் படை திரட்ட ஓடினார்கள்!

குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி வந்தார். பக்சார் போரில் வென்ற ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் காத்திருந்தார். இரண்டு படையும் சேரவே இல்லை. செப்டம்பர் 10-ல் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தார்கள். ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, அந்தப் படையே அழிந்தது. பக்கத்திலேயே இருந்த மன்றோ என்ன செய்தார்? பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

"ஊரைக் கொளுத்தியது ஹைதர்தானே?" என்று கேட்பீர்கள். கொளுத்தினார், நான் மறுக்கலை. ஆனால் காவல் காக்கிறேன் என்று வரிப்பணம் வாங்கியவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

1784 மார்ச் 11-ல் மங்களூர் ஒப்பந்தம். பிடித்த இடங்களை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள், கணக்கு நேர்! யாருடைய கணக்கு? பயிர் எரிந்த உழவன் பிழைக்க வழியின்றிப் பட்டணம் வந்தான். பஞ்சம் பரவியது. 1782-ல் ராயபுரம் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்தச் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனால்தான் சென்னையில் பெரியவர்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்பே, மறதி கூடாது என்று பொச்சாவாமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஒற்றன் வந்து சொன்னாலும், கேட்கிறவன் தூங்கினால் என்ன பயன்? கோட்டையில் இருந்தவன் தூங்கினான். கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் உழவன். ஆகவே நாட்டைப் போருக்குள் இழுப்பது ஆள்வோரின் அலட்சியமே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.