கவிழ்த்து வைத்த வள்ளம்
(பைபர்கிளாஸ் கரவனின் சரித்திரம்)

சித்திரை மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை தாருங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். சோழரைப் பற்றியும் சங்கிலியனைப் பற்றியும் எழுத அறிஞர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு பழைய கரவனின் சரித்திரம் மட்டும்தான் என்றேன். "அதையே எழுதுங்கோ" என்றார்கள். எனவே வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கரவன் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கும். அமெரிக்காவில் இதை ட்ரெயிலர் என்பார்கள். பென்சில்வேனியாவில் ஒரு தோட்டக்காரரின் கொட்டிலுக்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கு மேல் வயதான ஒன்று கிடந்தது. நீளம் 13 அடி, முட்டை வடிவம். மலிவாகத் தந்தார், வாங்கி பிரிட்ஜ்வாட்டருக்கு இழுத்து வந்தேன். "இருக்க வீடு இருக்கேக்கை இந்த ஓட்டை என்னத்துக்கு?" என்று மனைவி கேட்டா. அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இருக்கவில்லை.

எங்களோடு இருக்கும் மாமா வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விரல் மொழியால் அங்கும் இங்கும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, இது வள்ளமடா. ஒண்டை நிமித்தி வைச்சு, மற்றதை அதுக்கு மேலை கவிட்டு ஒட்டியிருக்கிறாங்கள்."

மாமா இளவயதில் காரைநகரில் பைபர் படகு கட்டியவர். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது நான் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது.

கண்ணாடியை உருக்கி நூலாக இழுப்பது மிகப் பழைய வித்தை. அதைத் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்யும் வழி 1930களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1938இல் ஓவன்ஸ் கோர்னிங் என்ற கொம்பனி இதற்கென்றே தொடங்கப்பட்டது. ஆனால் கண்ணாடி நூல் தனியே இருந்தால் வெறும் துணிதான். அதை இறுக்கிப் பிடிக்க ஒரு பசை வேண்டும். அந்தப் பசைதான் ரெசின். இன்று பாவிக்கும் பொலியெஸ்ரர் ரெசினுக்கு முன்னோடி 1942இல் அமெரிக்கன் சயனமிட் கொம்பனி செய்த ரெசின் என்பார்கள்.

சயனமிட் என்றால் எங்கள் ஊரின் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ராரிற்றன் ஆற்றங்கரையில், பிரிட்ஜ்வாட்டரில், 1915இல் கல்கோ என்ற சாயத் தொழிற்சாலை தொடங்கியது. 1929இல் அதைச் சயனமிட் வாங்கியது. சாயம், மருந்து, பலவகை இரசாயனங்கள் என்று 1999 வரை அங்கே உற்பத்தி நடந்தது. கழிவால் மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டு, 1983இல் அந்த இடம் மத்திய அரசு துப்புரவு செய்யவேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பாலாஜி கோயிலுக்கு வரும் நம்மவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேஸ்போல் பார்க்கப் போகும் மைதானம் அந்தக் கொம்பனியின் பழைய காணியில் ஒரு பகுதியிலேதான் 1999இல் கட்டப்பட்டது. ரெசினுக்கு நன்மையும் உண்டு, விலையும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தப் புதுப்பொருளை முதலில் பெரிதாகப் பாவித்தது யுத்தம். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ராடர் கருவியை மூடுவதற்குப் பைபர்கிளாஸ் கூடு செய்தார்கள். வானொலி அலை அதனூடாகத் தடையின்றிப் போகும் என்பதே காரணம். போர் முடிந்ததும் படகு கட்டுபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1953இல் பைபர்கிளாஸ் உடம்போடு கோர்வெற் கார் வந்தது. முதல் வருடம் கட்டியது 300 கார்கள் மட்டுமே.

அப்போதெல்லாம் கரவனைப் பெரும்பாலும் மரச்சட்டம் அடித்து, மேலே அலுமினியத் தகடு போர்த்திக் கட்டினார்கள். எங்கு பார்த்தாலும் பொருத்து. பொருத்து இருந்தால் மழைத்தண்ணி இறங்கும், தண்ணி இறங்கினால் மரம் உக்கும். இதற்கு ஒரு வழி கண்டவர் கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த ரே ஒலெக்கோ. அவர் அதற்கு முதல் செய்தது என்ன தெரியுமா? பைபர்கிளாஸ் மலக்குழித் தொட்டி! சிரிக்க வேண்டாம். தண்ணியை வெளியே விடாத தொட்டி, தண்ணியை உள்ளேயும் விடாதுதானே. 1968இல் அவரும் கூட்டாளிகளும் போலர் என்ற 13 அடிக் கரவனைக் கொண்டுவந்தார்கள். வட்டத் தொப்பி மாதிரி இருந்ததால் அந்தத் தொப்பியின் பெயரையே வைத்தார்கள். கீழ்ப்பாதி ஒரு அச்சில், மேல்பாதி இன்னொரு அச்சில். இரண்டையும் இடுப்பில் சேர்த்து ஒட்டினால் வீடு. மாமா சொன்ன கவிட்டு வைத்த வள்ளம் இதுதான். நிறை ஆயிரம் இறாத்தலுக்கும் குறைவு. சின்னக் காரே இழுக்கும்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நல்ல அச்சு ஒன்றும், கைவேலை தெரிந்த நாலு பேரும் போதும். ஆகவே 1970களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் சிறு கொம்பனிகள் பல தோன்றின. மினசோட்டாவில் பாக்கஸ் என்ற சிற்றூரில் ஸ்காம்ப், ரெக்சாஸில் 1983இல் கசீற்றா. வீடு மாறுகிறவர்களுக்கு வாகனம் வாடகைக்கு விடும் யூஹோல் கொம்பனியும் 1984, 85இல் இந்த மாதிரிக் கரவன்களைக் கட்டி வாடகைக்கு விட்டு, பிறகு விற்றுவிட்டது. போலரை 1980களின் கடைசியோடு நிறுத்தினாலும், அன்று கட்டிய வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. 2018இல் வின்னிபெக்கில் அதன் ஐம்பதாவது ஆண்டை, நூற்றுக்கணக்கான பழைய கரவன்களை ஒன்றுகூட்டிக் கொண்டாடினார்கள்.

இனி எங்கள் பக்கத்துக் கதை. வின்னிபெக்கில் போலர் பிறப்பதற்கு முதல் வருடம், 1967இல், யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனம் தொடங்கியது. 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரம் அங்குள்ள மக்களின் உதவியைத் திரட்டி வந்து தொடங்கியது அது. குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகு கட்டும் தளம். மர வள்ளத்துக்கு இடுக்கு அடைக்கவேண்டும், எண்ணெய் பூசவேண்டும், புழு அரிக்காமல் பார்க்கவேண்டும். பைபர் படகுக்கு அந்தக் கரைச்சல் குறைவு. பாரமும் குறைவு, வெளியிணைப்பு மோட்டரோடு கெதியாக ஓடும். வின்னிபெக்கில் செய்த அதே வேலையைத்தான் காரைநகரிலும் செய்தார்கள். அச்சுக்கு மெழுகு பூசுவது, மினுமினுப்பான ஜெல்கோட் அடிப்பது, கண்ணாடியிழைப் பாயை விரிப்பது, ரெசின் பூசிக் காற்றுக் குமிழி போக உருட்டுவது, இறுகியதும் கழற்றுவது. அங்கே வெளிவந்தது படகு, இங்கே வெளிவந்தது வீடு. வேறு வித்தியாசம் இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. கடலுக்குத் தடை வந்தது. 1991இல் காரைநகர்ச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது. மாமாவும் எங்கெல்லாமோ அலைந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் தெரிந்த தொழில் என்ன என்று கேட்டவர்களுக்குப் படகு கட்டுவது என்றார். சேர்ட்டிபிக்கற் எங்கே என்று கேட்டார்கள். அது எங்கே இருக்கப் போகிறது? நியூ ஜேர்சியில் பெற்றோலை நாமே அடிக்கக்கூடாது என்று 1949இல் இருந்து சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தால் பெற்றோல் நிலையத்தில் நின்று இருபது வருடத்துக்கு மேல் குடும்பத்தைக் காப்பாற்றினார். ரெசின் வாளியை அவர் தொட்டதே இல்லை. அந்த வேலையைப் பற்றிக் கதைத்ததுமில்லை.

கரவன் வந்த பிறகுதான் கதை தொடங்கியது. இப்படியான வண்டியில் ஓடு கெடாது, மற்றதெல்லாம் கெடும். அலுமாரிகளைப் பிடித்திருக்கும் தறையாணிகளின் ஓட்டைகளாலும் யன்னல் ஓரங்களாலும் தண்ணி இறங்கி, நிலத்துப் பிளைவூட் உக்கும். அச்சுத்தண்டுக்குள் இருக்கும் றப்பர் வயதுபோய் இறுகும். ரயரில் பூ இருந்தாலும் நம்பக்கூடாது. பக்கத்தில் உள்ள கடைசி நாலு இலக்கம் செய்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். நாங்கள் பழைய பலகையை வெட்டி எடுத்து, புதுப் பலகையின் இரண்டு முகத்துக்கும் ஓரத்துக்கும் ரெசின் பூசி இறக்கினோம். அச்சுத்தண்டும் ரயரும் புதிதாய் வாங்கினோம்.

பின்பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு உடைவு. மேலே பூசி மூடலாம் என்று நான் வெளிக்கிட்டேன். மாமா கையைப் பிடித்துவிட்டார். "உது நாலு நாளிலை கழண்டு விழும். சுத்திவரச் சரிச்சு அராவு. தடிப்பு எவ்வளவோ அதிலை பன்ரெண்டு மடங்கு அகலத்துக்கு." பாயைக் கத்தரிக்கோலால் வெட்டவும் விடவில்லை. கையால் கிழித்தால்தான் ஓரத்து இழைகள் பழைய ஓட்டோடு கலந்து பிடிக்குமாம். ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை அளந்தபோது சிரித்தார். "அங்கை வெய்யிலுக்கு நூற்றுக்கு ஒண்டு காணும், கூட விட்டால் வாளிக்குள்ளேயே கல்லாகிப் போகும். இந்தக் குளிருக்கு ரெண்டு விடு." முகமூடியும் கண்ணாடியும் போடச் சொல்லி நான்தான் அவரோடு சண்டை பிடித்தேன். அந்த மணம் நெஞ்சுக்குக் கூடாது, ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். "நாங்கள் அங்கை என்னத்தைப் போட்டனாங்கள்?" என்றார். போட்டுத்தான் ஆகவேண்டும் என்று பேரப்பிள்ளை சொன்னபிறகு போட்டார்.

என் மகன் பக்கத்தில் நின்று உருளையைப் பிடித்தான். இரண்டு நாள் கழித்து உடைவு இருந்த இடத்தை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "தாத்தா, இதை எங்கே படிச்சனீங்கள்?" என்று கேட்டான். மாமா கதிரையைப் போட்டு இருந்து அச்சு எப்படி இருந்தது, யார் எந்த வேலை செய்தது, கடலில் இறக்கும் நாளில் என்ன நடந்தது என்று பொழுதுபடும் வரை சொன்னார். நானே அன்றுதான் அவற்றைக் கேட்டேன்.

போலரைச் செய்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காரைநகரில் படகு கட்டிய எங்கட ஆட்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அவர்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருங்கள். சேர்ட்டிபிக்கற் கேட்காதீர்கள். அடுத்த சித்திரை மலருக்கு அதை அனுப்பிவையுங்கள்.

வருடப்பிறப்புக் கழிய, வெய்யில் வர, கரவனைக் கொழுவிக்கொண்டு அத்திலாந்திக் கரைக்குப் போவதாக இருக்கிறோம். மனைவியும் வருவதாகச் சொல்லிவிட்டா. முன்சீற் மாமாவுக்கு.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.